நீலகிரியைச் சைக்கிளில் சுற்ற: கெத்தையில் ஏறி, கோத்தகிரியில் இறங்கும் ஐந்து நாள் வழிகாட்டி

நீலகிரிக்குச் சைக்கிளில் போகிறேன் என்றதும் நண்பர்கள் கேட்பது, "மொத்தம் எத்தனை ஹேர்பின்?" என்றுதான். சரி, கணக்கைச் சொல்லிவிடுகிறேன்: பர்லியார் வழியில் 14, கல்லட்டியில் 36, கெத்தையில் 43. ஆனால் இந்த எண்களை மட்டும் வைத்துப் பாதையைத் தேர்ந்தெடுப்பவர் பாதி வழியில் மாட்டிக்கொள்வார். இந்த மலையில் வளைவுகளைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு உண்டு. எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்குவது? அந்த ரோட்டில் யானை எத்தனை மணிக்கு நடமாடும்? இவற்றுக்குப் பதில் தெரிந்துவிட்டால் மீதியைக் கால் பார்த்துக்கொள்ளும்.

நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் 1986இல் அறிவிக்கப்பட்டது. இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகம் அதுதான். தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் மூன்றிலும் சேர்த்து 5,520 சதுர கிலோமீட்டர். முதுமலை, பந்திப்பூர், வயநாடு, முக்குருத்தி, அமைதிப் பள்ளத்தாக்கு எல்லாம் இதற்குள் வருகின்றன. ஊட்டியும் குன்னூரும் தேயிலைத் தோட்டங்களும் நடுவில் தீவு மாதிரி. சமவெளியிலிருந்து மேலே ஏறும் ரோடு எதுவானாலும் காட்டை வெட்டிக்கொண்டுதான் போகும். அதனால் இங்கே சைக்கிள் பயணத் திட்டம் என்பதே காட்டின் நேர அட்டவணைக்குள் நம்மைப் பொருத்திக்கொள்ளும் வேலைதான்.

சுற்று இதுதான்

காரமடையில் தொடங்கி வெள்ளியங்காடு, கெத்தை வழியாக மஞ்சூர். அங்கிருந்து ஊட்டி. ஊட்டியிலிருந்து பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு இறக்கம். கூடலூரிலிருந்து மசினகுடிக்கு மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறோம். மசினகுடியிலிருந்து கல்லட்டி ஏறி மறுபடி ஊட்டி. கடைசி நாள் தொட்டபெட்டா, கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம். காரமடையும் மேட்டுப்பாளையமும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் என்பதால் கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்ந்த மாதிரி.

இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. கெத்தையும் கல்லட்டியும் செங்குத்தான ரோடுகள். அவற்றில் ஏறுவது கஷ்டம், இறங்குவது ஆபத்து. நடுவட்டம், கோத்தகிரி ரோடுகள் நிதானமானவை, அகலமானவை. கஷ்டமான பக்கம் ஏறி, நிதானமான பக்கம் இறங்கினால் கால் வலிக்கும். கை எலும்பு முறியாது. நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். "முதல் நாள் ஈஸியாக ஏறிவிடலாம்" என்று கோத்தகிரி வழியாக வந்து, கடைசி நாள் களைத்த கையோடு 43 வளைவுகளில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள்.

கல்லட்டியில் இறங்குவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். தொடர்ந்து நடந்த விபத்துகளால், வெளியூர் வாகனங்கள் ஊட்டியிலிருந்து அந்த வழியே கீழே போக அனுமதி இல்லை. சைக்கிள்தானே என்று சாவடியில் வாதாடிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த ரோட்டைக் கீழிருந்து ஒருமுறை ஏறிப் பார்த்தவர் வாதாட மாட்டார்.

எப்போது போவது

நீலகிரிக்கு இரண்டு மழைக்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குப் பக்கத்தைப் புரட்டி எடுக்கும். கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி எல்லாம் அந்தப் பக்கம். அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. சமவெளி ஊர் பலவற்றுக்கு அது ஒரு வருட மழை. அக்டோபர் முதல் டிசம்பர் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவுகளுக்கு வரும். குன்னூர், கோத்தகிரி ரோடுகளில் மண் சரிவது அப்போதுதான். 2009 நவம்பரில் நடந்த நிலச்சரிவுகளை அந்தப் பக்கத்து மக்கள் இன்னும் பேசுகிறார்கள்.

ஏப்ரல், மே மாதங்கள் சீசன். மலர்க் கண்காட்சிக்கு வரும் கூட்டத்தோடு சைக்கிளில் ஏறுவது புகையைக் குடிப்பதற்குச் சமம். சீசனில் ஊட்டிக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் போலீஸ் திருப்பி விடுவது வழக்கம்.

மிச்சம் இருப்பது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. வானம் தெளிவாக இருக்கும், ரோடு காய்ந்திருக்கும். ஆனால் குளிர் இருக்கிறது. ஜனவரி காலையில் ஊட்டியிலும் தலைகுந்தாவிலும் புல்வெளி முழுக்க உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். மர நிழல் விழும் வளைவுகளில் ஈரம் காயாமல் வழுக்கும். ஆகவே மேலே இருக்கும் நாட்களில் எட்டு மணிக்கு முன்னால் இறக்கம் வேண்டாம். பிப்ரவரி பாதிக்குப் பிறகு காடு காய்ந்து காட்டுத்தீ பயம் வந்துவிடும், விலங்குகளும் தண்ணீர் தேடி ரோடு ஓரத்துக்கு வரும். என்னைக் கேட்டால் ஜனவரி இரண்டாம் பாதி. பொங்கல் விடுமுறைக் கூட்டம் கலைந்த பிறகு.

அனுமதி, சாவடி, சட்டம்

பொதுச் சாலையில் சைக்கிள் ஓட்டத் தனி அனுமதி கிடையாது, ஆனால் எந்தப் பொதுச் சாலை எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்பது வனத்துறை கையில் இருக்கிறது. கெத்தை ரோடு இதற்கு நல்ல உதாரணம். யானை நடமாட்டத்தைப் பொறுத்துச் சுற்றுலாப் பயணிகளைச் சில காலம் விடுவார்கள், சில காலம் திருப்பி அனுப்புவார்கள். காரமடைப் பக்கத்துச் சோதனைச் சாவடியில் முந்தின நாளே போய்க் கேட்டுவிடுங்கள். வலைத்தளத்தில் யாரோ போன வருடம் எழுதியதை நம்பிக் கிளம்ப வேண்டாம். கெத்தை மூடியிருந்தால் மாற்று வழி தயாராக இருக்கட்டும்: மேட்டுப்பாளையம், கல்லாறு, பர்லியார், குன்னூர் வழியாக ஊட்டி. 14 வளைவுகள்தான், ஆனால் போக்குவரத்து அதிகம். பொழுது விடிந்ததும் கிளம்பினால் சமாளிக்கலாம்.

துணைக்குக் கார் வந்தால் அதற்கு இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இது நடைமுறையில் இருக்கிறது. கார் ஓட்டி வரும் நண்பர் சாவடியில் நின்றுவிட்டால், மேலே நீங்கள் ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

முதுமலை, பந்திப்பூர் புலிகள் காப்பகங்களின் ஊடாகச் சைக்கிள் ஓட்டுவது என் கணக்கில் சாகசம் இல்லை. நடு ரோட்டில் நிற்கக் கூடாது, இறங்கக் கூடாது என்று விதி இருக்கிற இடத்தில் பஞ்சர் ஆனால் என்ன செய்வீர்கள்? காருக்கு ஒரு கதவாவது இருக்கிறது. இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறு வரை பந்திப்பூர் வழிப் போக்குவரத்துக்கே தடை. அதனால்தான் கூடலூருக்கும் மசினகுடிக்கும் நடுவில் வண்டி என்று எழுதினேன். கூடலூரில் பிக்கப் வண்டி பிடித்துச் சைக்கிளை ஏற்றிக்கொண்டால் தொரப்பள்ளி, தெப்பக்காடு வழியாக ஒரு மணி நேரத்தில் மசினகுடி.

ரோட்டை விட்டு இறங்கிக் காட்டுக்குள் போவது, கூடாரம் அடிப்பது, டிரோன் விடுவது எல்லாம் வழக்கில் கொண்டு போய் விடும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தெரியாமல் செய்தேன் என்பதற்கு இடமில்லை. தேயிலைத் தோட்டத்துக்குள் அழகாகத் தெரியும் மண் ரோடுகள் பெரும்பாலும் எஸ்டேட்டுக்குச் சொந்தம். கேட்டுவிட்டுப் போனால் பல நேரம் விடுவார்கள்.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கு மாவட்டம் முழுக்கத் தடை. சாவடியில் பறித்துக்கொள்வார்கள். ரோடு ஓரத்தில் தண்ணீர் ஏடிஎம்கள் வைத்திருக்கிறார்கள். சைக்கிள் பாட்டிலை அதில் நிரப்பிக்கொள்ளலாம். கெத்தை ரோட்டில் மட்டும் எதையும் நம்பாமல் மூன்று லிட்டர் கையோடு வைத்திருங்கள்.

வண்டியில் பார்க்க வேண்டியது கியர்

சைக்கிள் எந்தக் கம்பெனி, எத்தனை ஆயிரம் என்பதெல்லாம் பிறகு. முதலில் முன் பல்சக்கரத்தில் மிகச் சிறியது எத்தனை பல், பின்னால் மிகப் பெரியது எத்தனை பல் என்று எண்ணுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ஆள் 75 கிலோ, சைக்கிளும் பைகளும் 20 கிலோ, மொத்தம் 95 கிலோ. ஏற்றம் ஒன்பது சதவீதம். மணிக்கு ஆறு கிலோமீட்டர் வேகத்தில் ஏற ஏறக்குறைய 150 வாட் தேவை. வாரா வாரம் ஓட்டுகிற ஆள் இரண்டு மூன்று மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய அளவு அது. இனி, நிமிடத்துக்கு 60 தடவை பெடல் சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். முன்னால் 34, பின்னால் 28 பல் இருந்தால், அந்தச் சுற்று வேகத்தில் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் போயாக வேண்டும். அதற்கு 220 வாட்டுக்கு மேல் வேண்டும். கால் தராது. பெடல் சுற்று 40க்கு விழும், முழு எடையும் முட்டியில் இறங்கும். முன்னால் 34, பின்னால் 34 என்றால் 180 வாட் அளவில் நிற்கும். முன்னால் 26, பின்னால் 34 இருந்தால் அந்த 150 வாட்டிலேயே உட்கார்ந்தபடி போகலாம்.

நான் முதல் தடவை 34க்கு 28 வைத்துக்கொண்டுதான் கல்லட்டி ஏறினேன். ஏறினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. பன்னிரண்டாவது வளைவுக்கு அப்புறம் தள்ளிக்கொண்டு நடந்ததுதான் அதிகம். இரண்டு வாரம் மாடிப்படி இறங்கும்போது முட்டி பேசிக்கொண்டிருந்தது. ஆகவே பின் கேசட்டை (பின்சக்கரத்துப் பல்சக்கரத் தொகுப்பை) மாற்றச் செலவு செய்யுங்கள். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வாங்கும் ஜெர்சி காத்திருக்கலாம்.

டயர் 32 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, 38 இருந்தால் நிம்மதி. பிரேக் டிஸ்க்காக இருந்தால் நல்லது. கிளம்பும் முன் புது பேட் போட்டு, சமவெளியிலேயே இருபது முப்பது தடவை பிடித்துவிட்டுப் பழக்கிக்கொள்ளுங்கள். பழைய பேடையும் தூக்கிப் போடாமல் பையில் வைத்திருங்கள். சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால் கார்பன் ரிம் வேண்டவே வேண்டாம். பின்னால் சிவப்பு விளக்கு பகலிலும் எரியட்டும். மூடுபனி இறங்கினால் பத்தடி தள்ளி வரும் பஸ் தெரியாது.

பைகளில் எடை மொத்தம் எட்டு கிலோவுக்குள் அடங்கட்டும். ஊருக்கு ஊர் தங்குமிடம் இருக்கிறது, சமையல் சாமான் தேவையில்லை. காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், முழு விரல் கையுறை, ஒரு கம்பளித் தொப்பி ஆகிய மூன்றையும் காரமடை வெயிலில் பார்த்தால் வீண் சுமை என்று தோன்றும். எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: காரமடை, கெத்தை, மஞ்சூர்

ஏறக்குறைய 60 கிலோமீட்டர். வெள்ளியங்காடு வரை மேடு பள்ளம் அதிகம் இல்லாத ரோடு, பாக்குத் தோப்பும் வாழையும். அதைத் தாண்டினால் காடு. கீழே நானூறு மீட்டர் உயரத்தைச் சுற்றி இருக்கிற நீங்கள் மஞ்சூரில் இரண்டாயிரம் மீட்டர் அளவில் நிற்பீர்கள். பையோடு ஏறும் ஆளுக்கு மணிக்கு 500 மீட்டர் உயரம் என்பது நியாயமான கணக்கு. அப்படியானால் ஏற்றத்துக்கு மட்டும் மூன்றேகால் மணி நேரம், நிற்பதையும் சேர்த்தால் ஐந்து.

இங்கே நேரம்தான் எல்லாம். விடியற்காலையில் காட்டுக்குள் நுழையக் கூடாது, மாலையில் போய் மாட்டவும் கூடாது. காரமடையில் ஆறரைக்குக் கிளம்பி, காட்டு எல்லையை எட்டு மணி வாக்கில் தொட்டு, மதியம் இரண்டுக்குள் மஞ்சூர் சேர்வது என் வழக்கம். காட்டுக்குள் நுழையும் முன் சாவடியில் நின்று, "பஸ் எப்போ வரும்ணா? இன்னைக்கு ஆனை எங்க நிக்குது?" என்று கேளுங்கள். அவர்களுக்குத் தெரியும். முதல் பஸ் டிரைவர் எங்கே பார்த்தார் என்பது பத்து நிமிடத்தில் சாவடிக்கு வந்துவிடும்.

சாப்பாட்டு விஷயம். அந்த ஏற்றத்துக்கு உடம்பு 1,600 கிலோ கலோரி அளவுக்கு எரிக்கும். நடுவில் நம்பிப் போகக் கடைகள் இல்லை. மணிக்கு ஒருமுறை கடலை மிட்டாய், பேரீச்சை, உப்புப் போட்ட எலுமிச்சைத் தண்ணீர் என்று ஏதாவது உள்ளே போய்க்கொண்டிருக்கட்டும். வாழைப்பழத்தை மட்டும் வெள்ளியங்காட்டிலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். பழுத்த பழ வாசனையோடு யானைக் காட்டுக்குள் போகக் கூடாது என்பது ஒன்று. குரங்குகள் பையின் ஜிப்பைத் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டன என்பது இன்னொன்று.

கெத்தையில் மலைச்சரிவில் ராட்சதக் குழாய்கள் இறங்குவது தெரியும். குந்தா நீர்மின் திட்டத்தின் மின்நிலையம். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா உதவியோடு கட்டியது. அந்தக் குழாயின் சரிவைப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தால், ரோடு போட்டவர்கள் மேல் மரியாதை வரும். வளைவுகள் நெருக்கமாகத் தொடங்குவது அங்கேதான்.

வளைவில் ஏறும் முறை ஒன்று இருக்கிறது. நாம் இடதுபுறம் போகிறோம். வலது பக்கம் திரும்பும் வளைவில் நாம் வெளி ஓரத்தில் இருப்போம், அங்கே சரிவு குறைவு, மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இடது பக்கம் திரும்பும் வளைவில் உள் ஓரத்தில் மாட்டுவோம், அங்கே சுவர் மாதிரி நிற்கும். அதற்குள் நுழையும் முன்னாலேயே கியரை இறக்கிவிட வேண்டும். நடு வளைவில் இறக்கினால் செயின் முரண்டு பிடிக்கும். மேலிருந்து பஸ் சத்தம் கேட்டால் வளைவுக்குள் போகவே போகாதீர்கள். பஸ்ஸுக்கு முழு ரோடும் தேவை. கீழேயே நின்று, காலை ஊன்றி, அது திரும்பிப் போகிற வரை இருங்கள். டிரைவர் கையைத் தூக்கிவிட்டுப் போவார்.

யானை நின்றால்

சைக்கிளின் பெரிய ஆபத்து அதன் அமைதி. பஸ் வருவது யானைக்கு அரை கிலோமீட்டர் முன்பே தெரியும். நீங்கள் வருவது, வளைவு திரும்பி முப்பது அடியில் நிற்கும்போதுதான் தெரியும். யானையைத் திடுக்கிட வைப்பதுதான் பிரச்சினை. எனவே காட்டுப் பகுதியில் குருட்டு வளைவு வருமுன் பேசிக்கொண்டே போங்கள், தனியாக இருந்தால் பாடுங்கள். இரண்டு மூன்று பேர் இடைவெளி விடாமல் சேர்ந்து போவது நல்லது. மூக்கும் வேலை செய்யட்டும்: புதுச் சாணம், மூங்கில் ஒடியும் சத்தம், நீர்த்த மாட்டுத் தொழுவ வாசனை. இவற்றில் எது வந்தாலும் நின்றுவிட வேண்டும்.

தூரத்தில் ரோட்டில் நிற்பது தெரிந்தால், நூறு மீட்டருக்குக் குறையாமல் நின்று, சத்தமில்லாமல் சைக்கிளைத் திருப்பிக் கீழ்நோக்கி வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் உருண்டு இறங்கிவிடலாம். இறக்கத்தில் சைக்கிள் யானையைவிட வேகம், ஏற்றத்தில் கிடையவே கிடையாது. மணி அடிப்பது, விளக்கை மின்ன விடுவது, கத்துவது, போட்டோவுக்காக இன்னும் பத்தடி முன்னால் போவது எதுவும் கூடாது. காதை விரித்து உங்கள் பக்கம் முழுதாகத் திரும்பினால் அது எச்சரிக்கை. தும்பிக்கையைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டு வந்தால் அது எச்சரிக்கை இல்லை. அடுத்த பஸ்ஸோ லாரியோ வரும் வரை காத்திருந்து, டிரைவரிடம் சொல்லி, அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு போகலாம். காத்திருப்பு சில நேரம் ஒரு மணி நேரம் ஆகும். என் அனுபவத்தில் மிக நீளமான காத்திருப்பு இரண்டேகால் மணி நேரம். ஒரு தாயும் குட்டியும் நடு ரோட்டில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு நின்றன, நாங்கள் மூன்று பேரும் ஒரு பஸ் நிறைய ஆட்களும் கீழே உட்கார்ந்து முறுக்கு தின்றோம்.

பர்லியார் வழியை மாற்றாக எடுப்பவர்களும் இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். அங்கே பலாப்பழ சீசனில் யானைகள் ரோடு வரைக்கும் வந்துவிடும்.

மேலே தேயிலைப் பக்கம் வந்துவிட்டால் காட்டுமாடுதான். வீட்டுக் கொல்லையில் நிற்கும் மாடு மாதிரி அமைதியாகத் தெரியும், ஆயிரம் கிலோ எடை. தலையைக் குனிந்து மூச்சு விட்டால் பின்வாங்குங்கள். கோத்தகிரிப் பக்கம் கரடி. மாலை ஆறு மணிக்கு மேல் தோட்டங்களுக்குள் நடமாடாமல் இருந்தால் போதும்.

இரண்டாம் நாள்: மஞ்சூர், ஊட்டி

35 கிலோமீட்டருக்குள்தான். வேண்டுமென்றே சின்னதாக வைத்தது. குந்தா பாலத்துக்கு இறங்கி, அந்தப் பக்கம் ஏறி, கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு வயல்கள் வழியாக முத்தோரை பாலாடா, அப்புறம் ஊட்டி. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். முதல் நாள் கால் கனம் இருக்கும், மூச்சும் கொஞ்சம் வேகமாக வாங்கும். தலைவலி வந்தால் தண்ணீர் குடித்துப் படுத்துவிடுங்கள். இந்த உயரத்தில் அதற்கு மேல் பயப்பட ஒன்றுமில்லை. மாலையில் ஊட்டி வர்க்கியும் டீயும்.

அவலாஞ்சி, மேல் பவானி பக்கம் திரும்ப ஆசை வரும். உள்ளே வனத்துறை வண்டியில்தான் போக முடியும், சைக்கிளுக்கு வழியில்லை. அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள்: நடுவட்டம் இறக்கம்

கூடலூர் வரை 50 கிலோமீட்டர். பைக்காரா வரை ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி, பைன் மரக்காடு, ஏரி. நடுவட்டம் தாண்டினால் தொடர் இறக்கம். மைசூர் பக்கத்திலிருந்து வரும் வண்டிகள் நிறைய. வார நாளாகப் பார்த்து இந்த நாளை வையுங்கள். ஊசிமலைக் காட்சிமுனையில் நின்றால் கூடலூர்ப் பள்ளத்தாக்கு கீழே விரிந்து கிடக்கும். நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பிரேக் ஆறட்டும்.

இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வரக் கூடாது. நேர் ரோட்டில் விட்டு, வளைவுக்கு இருபது மீட்டர் முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டு உருள வேண்டும். மலை லாரிக்காரர்கள் எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பார்கள். நமக்கு என்ஜின் பிரேக் இல்லை, அதனால் பழக்கம்தான் பிரேக்.

இதை நான் கோத்தகிரி ரோட்டில் கற்றேன். ரிம் பிரேக் வண்டி, பின்னால் நிறையச் சுமை, விடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். அரவேணு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின் டியூப் பட்டென்று வெடித்தது. என்ன ஆயிற்று என்று ரிம்மைத் தொட்டுப் பார்த்த விரலில் கொப்புளம். பிரேக் சூட்டில் ரிம் கொதித்து டியூப் போயிருக்கிறது. டிஸ்க் பிரேக்கிலும் இதே தப்பைச் செய்தால் பேட் மேல் கண்ணாடி மாதிரி பளபளப்பு ஏறிவிடும். லீவரை எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது, கிறீச்சென்று சத்தம் மட்டும் வரும். அந்தச் சத்தம் கேட்டால் நின்று, பேடைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்துப் போடுங்கள்.

கூடலூரில் சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குள் பிக்கப்பில் ஏறி மசினகுடி. தங்கும் இடத்தைக் கவனமாகப் பாருங்கள். சீகூர் பகுதி யானை வழித்தடம் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்கு முன்பே பல ரிசார்ட்டுகளுக்குச் சீல் வைத்தார்கள். ஊருக்குள், வீடுகளுக்கு நடுவில் இருக்கும் தங்குமிடம் போதும்.

நான்காம் நாள்: கல்லட்டி

மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு 30 கிலோமீட்டர்தான். இதற்கு ஒரு நாள் ஒதுக்குகிறானே என்று நினைக்காதீர்கள். எட்டு மணிக்கு மேல் கிளம்புங்கள். மாவனல்லா, வாழைத்தோட்டம் வரை ரோடு தட்டையாகப் போகும், இரண்டு பக்கமும் முள்காடு, மயில், புள்ளிமான். இங்கே நிற்காமல், கூட்டமாகப் போங்கள். 2021இல் ஒரு புலியைப் பிடிக்க மூன்று வாரம் தேடியது இந்த மசினகுடி, கூடலூர்ப் பகுதியில்தான்.

அப்புறம் ரோடு நிமிரும். 36 வளைவுகளும் பன்னிரண்டு பதின்மூன்று கிலோமீட்டருக்குள் அடுக்கி வைத்தது போல் வரும். வளைவுக்கு வளைவு எண் போட்ட பலகை. பல இடங்களில் சரிவு பத்து சதவீதத்துக்கு மேல். கெத்தையில் நீளம் கொல்லும், கல்லட்டியில் சரிவு. நீலகிரிச் சுற்றுப் பந்தயம் 2008 முதல் நடக்கிறது, அதில் வீரர்களைப் பிரிப்பது பெரும்பாலும் இந்த ஏற்றம்தான்.

முதல் பத்து வளைவுகளில் "பரவாயில்லையே" என்று தோன்றும் வேகத்தைவிடவும் மெதுவாகப் போங்கள். வாய் திறந்து முழு வாக்கியம் பேச முடிகிற வேகம். நான்கு வளைவுக்கு ஒருமுறை இறங்கி நிற்பது அவமானம் இல்லை, ஆனால் நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்: வலது வளைவின் அகலமான வெளி ஓரம். மறுபடி ஏறிக் கிளம்ப அங்கேதான் முடியும். முன் சக்கரம் மேலே தூக்கினால் உடம்பை முன்னால் சாய்த்து, சீட்டின் நுனிக்கு வாருங்கள். பின்பையில் இருக்கும் எடையில் பாதியை ஹேண்டில்பார் பைக்கு மாற்றினாலும் தூக்குவது குறையும்.

கீழ்நோக்கி வரும் உள்ளூர் வண்டிகளின் பிரேக் வாசனை, கருகிய ரப்பர் மாதிரி, வளைவுகளில் தேங்கி நிற்கும். அது வந்தால் ஓரமாக ஒதுங்குங்கள். தலைகுந்தாவில் யூக்கலிப்டஸ் வாசனை வரும்போது ஏற்றம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். வியர்வையில் நனைந்த சட்டையோடு அங்கே குளிர்காற்றில் நிற்காதீர்கள். முதலில் ஜாக்கெட், அப்புறம் டீ.

ஐந்தாம் நாள்: தொட்டபெட்டா, கோத்தகிரி, மேட்டுப்பாளையம்

ஊட்டியிலிருந்து கோத்தகிரி ரோட்டில் தொட்டபெட்டா சந்திப்பு வரும். அங்கிருந்து சிகரம் வரை சின்ன ஏற்றம்; 2,637 மீட்டர், இந்தச் சுற்றில் மிக உயரமான இடம். ஒன்பது மணிக்குள் போனால் கூட்டம் இருக்காது. திரும்ப சந்திப்புக்கு வந்து கட்டபெட்டு வழியாகக் கோத்தகிரி. மதிய சாப்பாடு அங்கே.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் கோத்தகிரியில் தங்கி, 18 கிலோமீட்டரில் இருக்கும் கோடநாடு காட்சிமுனைக்குப் போய் வாருங்கள். கீழே மாயாறு பள்ளத்தாக்கு, எதிரே ரங்கசாமித் தூண், தூரத்தில் தெங்குமரகடா. தேயிலை நடுவே அந்த ரோடு ஏறி இறங்கிப் போகும் விதத்துக்காகவே போகலாம்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர் இறக்கம். கொண்டை ஊசி வளைவுகள் குறைவு என்பதால் வேகம் தானாக ஏறும், அதுதான் இங்கே பொறி. மணிக்கு 35 கிலோமீட்டரைத் தாண்ட விடாதீர்கள். அரவேணு, முள்ளூர் என்று ஒவ்வொரு ஊரிலும் ஐந்து நிமிடம் நின்று ரிம்மையோ டிஸ்க்கையோ ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், விரலாலும் தொட வேண்டாம். குஞ்சப்பனையைச் சுற்றி மறுபடி யானைக் காடு. நான்கு மணிக்குள் அதைத் தாண்டிவிடுவது மாதிரி கோத்தகிரியிலிருந்து கிளம்புங்கள். கீழே இறங்க இறங்க ஒவ்வொரு ஊரிலும் ஒரு துணியாகக் கழற்றிக்கொண்டே வருவீர்கள்.

மேட்டுப்பாளையத்தில் ரயில் நிலையத்துக்கு வந்ததும் முதல் வேலையாகப் பார்சல் அலுவலகம் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சென்னைக்குப் போகும் நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவில்தான், ஆனால் சைக்கிளைப் பதிவு செய்ய அடையாள அட்டை நகலோடு முன்கூட்டியே போய் நிற்க வேண்டும். பெடலையும் பைகளையும் கழற்றி, டெரெய்லர் (கியர் மாற்றும் கருவி) பக்கத்தைப் பழைய போர்வையில் சுற்றிக் கட்டி, பெயர் எழுதிய அட்டையை இரண்டு இடத்தில் மாட்டுங்கள்.